இராத் தொப்பியும் தலைமயிரும்: வாசகர் கேள்விகள்

நித்திரைக்குப் போடும் சற்றின் தொப்பியைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரிதான் எழுதினோம். தலைமயிர் சிக்குப்படாமல் இருக்க இரவில் அணிந்து, பட்டியை இறுக்கித் தளர்த்திக்கொள்ளும் தொப்பி அது. வந்த கடிதங்கள் நாலு வரியோடு நிற்கவில்லை. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறோம்.

கனடாவிலிருந்து மச்சாள் ஒரு சற்றின் தொப்பி அனுப்பினவ. இரவு போட்டுக்கொண்டு படுத்தால் விடியத் தலையணைக்குக் கீழே கிடக்குது. இலாஸ்ரிக் இறுக்கமாத்தான் இருக்கு. என்ன பிழை?
— வாசகி, சாவகச்சேரி

முதலில் பட்டி எங்கே குந்துகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். மயிரின் மேல் குந்தினால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். எண்ணெய் பூசிய தலை என்றால் கேட்கவே வேண்டாம். பட்டி முன்னால் நெற்றித் தோலில், மயிர்க்கரைக்கு அரை அங்குலம் கீழே இருக்க வேண்டும். பின்னால் பிடரிக் குழிக்குக் கீழே இறங்க வேண்டும். பலர் பின்பக்கத்தை மண்டை துருத்தும் இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது மேலே ஏறும், கடைசியில் கழன்றுவிடும்.

அடுத்தது, தொப்பிக்குள் மயிருக்கு இடம் போதுமா என்பது. இடுப்பளவு கூந்தலை உச்சியில் கொண்டையாகப் போட்டுச் சின்னத் தொப்பிக்குள் திணித்தால், அந்தக் கொண்டையே தொப்பியை மேலே தள்ளும். பட்டியை இறுக்கி இதைத் திருத்த முடியாது. தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, பிடரிக்குச் சற்று மேலே வட்டமாகச் சுருட்டி விடுங்கள். மயிர்ப் பாரம் கீழே இருந்தால் தொப்பி தானே நிற்கும்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் கழன்றால், பட்டியின் உட்புறம் பிடரிப் பக்கத்தில் மட்டும் 5 அங்குல நீளம், 1 அங்குல அகலத்தில் பழைய ரீசேட் துணியைக் கையால் தைத்து விடுங்கள். கொட்டன் தோலைப் பிடிக்கும். முன்பக்கத்துக்கு வேண்டாம். நெற்றியோர மயிர்தான் முதலில் உராய்வில் அறும்.

தையல்தான் என் தொழில். இந்தத் தொப்பியைத் தைத்து விற்கலாம் என்று யோசிக்கிறேன். அளவு, துணி, தைக்கும் முறை எல்லாவற்றையும் விபரமாகத் தருவீர்களா? இறுக்கித் தளர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும்.
— தையற்காரி, கொக்குவில்

தோளளவு, முதுகளவு கூந்தலுக்கு 22 அங்குல விட்டமுள்ள வட்டம் இரண்டு. 45 அங்குல அகலச் சற்றினில் இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் அடங்கும், ஆகவே முக்கால் யார் வாங்கினால் போதும். ஓரக்கரை அகலமான துணியாக இருந்தால் விட்டத்தில் அரை அங்குலம் குறையுங்கள். இடுப்புக்குக் கீழ் கூந்தல் என்றால் 26 அங்குலம் வேண்டும். அப்போது வட்டங்களை மேலும் கீழுமாகத்தான் வைக்கலாம், ஒன்றரை யார் போகும். இவற்றோடு அரை அங்குல அகல இலாஸ்ரிக் 12 அங்குலம், 1 அங்குல அகலத்தில் தைத்த கட்டுப்பட்டி 22 அங்குலத்தில் இரண்டு. கட்டுப்பட்டியைக் கொட்டனில் தையுங்கள். சற்றின் றிபனில் போட்ட முடிச்சு விடியும்வரை நில்லாது.

வெட்டுவதில்தான் முதற் பிழை வரும். சாதாரணத் துணி போல நாலாக மடித்து வெட்டினால் சற்றின் மடிப்புக்குள் வழுக்கி, வட்டம் முட்டை வடிவமாகிவிடும். பழுப்புத் தாளில் முழு வட்டமாக வரைந்து, அதன்மேல் துணியை ஒற்றையாக விரித்து, தாளோடு சேர்த்து வெட்டுங்கள். வெளிர் நிறத் துணிக்குப் பத்திரிகைத் தாள் வேண்டாம், மை பிடிக்கும். குண்டூசியை விளிம்பிலிருந்து கால் அங்குலத்துக்குள் மட்டும் குத்துங்கள். உள்ளே குத்தினால் அந்த ஓட்டை மறையாது.

இரண்டு வட்டத்தையும் சேர்க்கமுன், வெளி வட்டத்தில் முன்பக்கம் 1 அங்குல இடைவெளியில் இரண்டு ஓட்டைகள் போட வேண்டும். தெறி ஓட்டை போலவே விளிம்பு தைத்த, 5/8 அங்குல ஓட்டைகள். அவற்றின் நடு, வெட்டிய விளிம்பிலிருந்து முக்கால் அங்குலத்தில் வரட்டும். ஓட்டைக்குப் பின்னால் சிறு கொட்டன் துண்டு வைத்துத் தையுங்கள். வைக்காவிட்டால் கட்டுப்பட்டியை இழுக்க இழுக்கச் சற்றின் இழை பிரிந்து ஓட்டை வாய் பிளக்கும்.

பிறகு பளபளப்புப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, விளிம்பிலிருந்து 3/8 அங்குலத்தில் சுற்றித் தையுங்கள். பின்பக்கம் 3 அங்குலம் திறந்திருக்கட்டும். தையல் விளிம்பில் அங்குலத்துக்கு ஒன்றாகச் சிறு வெட்டுக் கொடுத்து, புறம் திருப்பி, துணியின் மேல் வேறு துணி விரித்து மெல்லிய சூட்டில் ஸ்திரி போடுங்கள். திறந்த இடத்தை உள்ளே மடித்து, விளிம்போடு ஒட்டி ஒரு தையல், விளிம்பிலிருந்து முக்கால் அங்குலத்தில் இன்னொரு தையல். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் இலாஸ்ரிக் ஓடும் குழாய்.

இலாஸ்ரிக்கின் இரு நுனியிலும் கட்டுப்பட்டியைத் தைத்து, ஊக்கால் முன் ஓட்டை ஒன்றில் நுழைத்து மற்றதால் எடுங்கள். இலாஸ்ரிக் பின்பக்கம் வந்து நின்றதும் அதன் நடுவைப் பிடரி நடுவில் குறுக்கே ஒரு தையல் போட்டுப் பிடியுங்கள். இந்த ஒரு தையலை விட்டால் பட்டி குழாய்க்குள் சுற்றி, பத்து நாளில் ஒரு கட்டுப்பட்டி நீளமாகவும் மற்றது ஓட்டைக்குள் போனதாகவும் இருக்கும். வாங்கியவர் திரும்பக் கொண்டுவருவார்.

புதிய 9 அல்லது 11 இலக்க ஊசி போடுங்கள். மொட்டையான ஊசி சற்றின் இழையை இழுத்துக் கோடு விடும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் அளவு, மேல்நூல் இறுக்கம் வழமையிலும் சற்றுக் குறைவு. பாத மெசினில் துணி பல்லுக்குள் சிக்கினால் அடியில் எண்ணெய்த்தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். கடும் சிவப்பு, கறுப்பு, நீலத் துணிகளை வெட்டமுன் ஈர வெள்ளைத் துணியால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வியர்வையிலும் ஒட்டும், நெற்றியில் நீலக்கோடு விழுந்தவர் உங்களிடம் மறுபடி வாங்கமாட்டார்.

கடையில் “சில்க் சற்றின்” என்று தருகிறார்கள். அது பட்டா? பட்டு ஈரத்தை உறிஞ்சாது, ஆகவே தலைமயிர் காயாது என்று சிநேகிதி சொல்கிறா.
— பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

சற்றின் என்பது நெசவு முறை. பட்டிலும் நெய்யலாம், பொலியெஸ்ரரிலும் நெய்யலாம். சாதாரணத் துணிக்கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது அநேகமாகப் பொலியெஸ்ரர்தான். ஓரத்திலிருந்து நாலைந்து இழை உருவி, கிண்ணத் தண்ணீருக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு தலைமயிர் கருகும் மணத்தோடு எரிந்து, விரலால் நசித்தால் பொடியாகும். பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு கெட்டியான கறுத்த மணியாகும். உருகிய துளி கையில் விழுந்தால் தோலோடு ஒட்டும், அவதானம்.

சிநேகிதி சொன்னது பிழை. சாதாரணக் காற்றில் பட்டு தன் நிறையில் ஏறக்குறைய 11 வீதம் ஈரத்தை வைத்திருக்கும். கொட்டன் 8 வீதமளவில், பொலியெஸ்ரர் அரை வீதம்கூட இல்லை. பட்டின் நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பட்டுக்கூட்டிலிருந்து பல நூறு மீற்றர் நீளத்துக்கு ஒரே இழை வரும். பஞ்சின் நாரோ ஓர் அங்குலம்தான். ஆயிரக்கணக்கான நுனிகள் துருத்தி நிற்கும் கொட்டன் தலையணை, மயிரின் மேற்செதில்களைக் கிளப்பி விடுகிறது. நுனியில்லாத நீள இழை அப்படிச் செய்யாது. பொலியெஸ்ரரும் நீள இழைதான், ஆகவே உராய்வைக் குறைக்கும் வேலையை அதுவும் செய்கிறது. வியர்வையில்தான் வித்தியாசம் தெரியும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் பொலியெஸ்ரர் தொப்பிக்குள் தலை நனையும். பட்டுக்குக் காசு இல்லையென்றால் அந்த மாதங்களில் தொப்பியை விட்டுவிட்டுச் சற்றின் தலையணை உறை போடுங்கள்.

அம்மாவின் பழைய கூறையை வெட்டித் தைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சரிகை இல்லாத உடற்பகுதியை வெட்டலாம். சரிகை மயிரை அரம் போல அராவும். அம்மாவிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

தொப்பியைக் கிழமைக்கு ஒருக்கால் சவர்க்காரம் போட்டுத் தோய்க்கிறன். ஆனாலும் எண்ணெய் நாத்தம் போகுதில்லை, துணியும் சொரசொரப்பாப் போச்சு.
— வாசகி, மானிப்பாய்

இரண்டு முறைப்பாட்டுக்கும் இரண்டு காரணம். பொலியெஸ்ரர் தண்ணீரை விரும்பாது, எண்ணெயை விடாது. தேங்காயெண்ணெய் இழையில் ஏறி நாட்பட்டுச் சிக்கு நாற்றம் வைக்கிறது. தண்ணீரில் நனைக்கமுன், காய்ந்த துணியிலேயே, பட்டி ஓரம் முழுவதும் பாத்திரம் கழுவும் திரவம் ஐந்தாறு துளி விட்டு விரலால் தடவி கால் மணித்தியாலம் வையுங்கள். முதலே நனைத்துவிட்டால் திரவம் எண்ணெயில் ஏறாது.

சொரசொரப்பு கிணற்றுத் தண்ணீரால் வருவது. எங்கள் குடாநாட்டுக்கு அடியில் சுண்ணாம்புக்கல், கிணறுகளில் கல்சியம் மிகுதி. கட்டிச் சவர்க்காரம் அதோடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிறது. வாளியின் ஓரத்தில் பிடிக்கும் அதே வெள்ளைதான் தொப்பியிலும் படிகிறது. சவர்க்காரத்தை விட்டு ஷம்பூவோ துணி தோய்க்கும் திரவமோ ஒரு தேக்கரண்டி, இளஞ்சூட்டு நீர் 3 லீற்றரில் விடுங்கள். ஏற்கெனவே படிந்ததை எடுக்க, 2 லீற்றர் நீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் கடைசி அலசலுக்கு அதைவிடத் திறமானது இல்லை. பட்டென்றால் சூடு ஆகாது, சலவைச் சோடாவும் ஆகாது. முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி அமத்தி, நிழலில் காயவிடுங்கள். இலாஸ்ரிக்கை வெயிலில் காயவிட்டால் சீக்கிரம் உயிர் போய்விடும்.

தங்கச்சிக்குக் கலியாணம். விடியப்புற முகூர்த்தம் எண்டபடியால் முதல்நாள் பின்னேரமே தலையைச் சுருட்டிவிடலாம், இரவு சற்றின் தொப்பி போட்டுப் படுத்தாச் சரி எண்டு அலங்காரம் செய்யிற பிள்ளை சொல்லுறா. நம்பலாமோ?
— பெண்ணின் அக்கா, சுன்னாகம்

அதற்கு முதல் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: பாலறுகு வைத்துத் தோய வார்ப்பது எப்போது? கலியாணத்தன்று காலையென்றால் முதல்நாள் சுருட்டுவது வீண் செலவு. சூட்டில் சுருட்டிய மயிர் தண்ணீர் பட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். சூடு மயிருக்குள் மாற்றுவது ஈரம் பட்டால் அவிழ்ந்துவிடும் பலவீனமான பிணைப்புகளை மட்டும்தான். எந்தத் தொப்பியும் பாலுக்கும் தண்ணீருக்கும் ஈடு கொடுக்காது. பாலறுகை முதல்நாள் காலையில் முடிக்க வீட்டார் சம்மதித்தால் மேலே பேசலாம்.

தோய்ந்த தலை அடிவேர் வரை காய வேண்டும். எண்ணெய் வேண்டாம். ஒவ்வொரு சுருளையும் கருவியிலிருந்து எடுத்த கையோடு விரலில் சுற்றி, தலையோடு ஒட்டித் தட்டையான கிளிப்பால் பிடித்து, முழுவதும் ஆறும் வரை அப்படியே விடுங்கள். சூடு ஆறமுன் தொங்கவிட்டால் மயிர்ப் பாரமே சுருளை இழுத்து நீட்டிவிடும். படுக்கமுன் கிளிப்புகளைக் கழற்றி, சுருள்களைக் கலைக்காமல் 26 அங்குலத் தொப்பிக்குள் தளர்வாக எடுத்து விடுங்கள். சின்னத் தொப்பி சுருளை நசிக்கும். கட்டு முடிச்சு, பெண் சரிந்து படுக்கும் பக்கத்துக்கு மறுபக்கம் வரட்டும். காற்றாடி ஓடட்டும், தலை வியர்த்தால் வேலை கெட்டது. காலையில் உடம்புக்கு மட்டும் குளிக்கும்போதும் தொப்பியோடேயே, அதற்குமேல் பொலித்தீன் குளியல் தொப்பியும் போட்டுக் குளிக்கட்டும்.

நேராக்கிய மயிரென்றால் முறை வேறு. வகிட்டிலிருந்து ஒரே திசையில் சீவிச் சீவி, மண்டையைச் சுற்றித் தட்டையாகப் படியவைத்து, நாலைந்து கிளிப் குத்தி, இறுக்கமான சின்னத் தொப்பி போடுவது. கொண்டையோ பின்னலோ போட்டால் அதன் தடம் விடியத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலக் கலியாணம் என்றால், உண்மையைச் சொல்கிறோம், முதல்நாள் சுருட்டலை நாங்கள் நம்பமாட்டோம். அந்தப் பிள்ளையை விடியப்புறம் இரண்டு மணித்தியாலம் முந்தி வரச் சொல்லுங்கள்.

ஸ்கூட்டரில் வேலைக்குப் போறனான். ஹெல்மெற்றுக்குள்ள இந்தத் தொப்பியைப் போடலாமா?
— வாசகி, நெல்லியடி

இரவில் போடும் சுருக்குத் தொப்பியைப் போடக் கூடாது. சுருக்கும் முடிச்சும் ஹெல்மெற்றை ஒரு பக்கம் தூக்கும், வழுக்கும் துணி அதைத் தலையில் சுழலவிடும். விழும் நேரத்தில் ஹெல்மெற் இடம் மாறினால் போட்டதில் பயனில்லை. சுருக்கில்லாத, மண்டையோடு ஒட்டிய, ஒற்றைத் துணித் தொப்பி பரவாயில்லை. அதைப் போட்டு, ஹெல்மெற் பட்டியைப் பூட்டி, பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே தள்ளிப் பாருங்கள். நெற்றிப் பக்கம் கண்ணுக்குமேல் சரிந்து வந்தால் அந்தத் தொப்பியும் வேண்டாம். கொண்டையை ஹெல்மெற் விளிம்புக்குக் கீழே, பிடரியில் போடுங்கள். உட்பக்கத்தில் சற்றினைப் பசை போட்டு ஒட்டும் யோசனையைக் கைவிடுங்கள். உள்ளிருக்கும் பஞ்சுபோன்ற வெள்ளைப் பொருளைச் சில பசைகள் கரைத்துவிடும்.

மகள் பாடசாலையில் வலைப்பந்து விளையாடுகிறாள். சுருள் முடி. பயிற்சி முடிந்து வரும்போது தலை பறட்டையாகிவிடுகிறது.
— தாய், வட்டுக்கோட்டை

விளையாட்டுக்குக் கட்டுப்பட்டி ஆகாது, யாராவது கை மாட்டி இழுபடும். மழைக்கோட்டுத் தொப்பியில் இருப்பது போல, 3 மில்லிமீற்றர் இலாஸ்ரிக் கயிறும் அமத்தி நகர்த்தும் பூட்டும் போட்ட மெல்லிய ஒற்றைத் துணித் தொப்பி நல்லது. பூட்டு பின்பக்கம் வரட்டும், மிஞ்சிய கயிற்றை உள்ளே செருகிவிடுங்கள். (அதே பூட்டை இரவுத் தொப்பிக்குப் போட வேண்டாம், மல்லாந்து படுத்தால் பிடரியில் குத்தும்.) இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டி முழுவதும் உள்ளே விடுங்கள். பயிற்சி முடிந்ததும் தொப்பியைக் கழற்றித் தலையை ஆறவிட வேண்டும். வியர்வை ஈரத்தோடு வீடு வரும்வரை மூடி வைத்திருந்தால் பொடுகு கூடும். பாடசாலை விதி என்னவென்று ரீச்சரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வயதுப் பேத்திக்கு ஒன்று தைத்துக் கொடுக்கலாமா?
— அம்மம்மா, காரைநகர்

வேண்டாம் அம்மா. கட்டுப்பட்டி கழுத்தில் சுற்றலாம், தொப்பி முகத்துக்கு இறங்கலாம். கைக்குழந்தைகளுக்கு நித்திரையில் எந்தத் தொப்பியுமே ஆகாது, தலை வழியாகத்தான் அவர்களுடைய உடற்சூடு அதிகம் வெளியேறுகிறது. பேத்தியின் தலையணைக்குச் சற்றின் உறை தைத்துப் போடுங்கள்.

தொப்பி போட்டால் முடி வளருமா?
— பலர்

வளராது. வளர்ந்தது அறுவது குறையும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? எங்கள் பெண்கள் ஒருபோதும் தலையை மூடிப் படுத்ததில்லையே.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், உடுவில்

இன்றைய வடிவில் இதை வளர்த்தவர்கள் ஆபிரிக்க வம்சாவளிப் பெண்கள். இறுகிய சுருள்மயிர் எளிதில் காய்ந்து அறுவதால் இரவுக் காப்பு அவர்களுக்கு அவசியத் தேவை. தலைத்துணிக்குக் கசப்பான வரலாறும் உண்டு. 1786ஆம் ஆண்டு, ஸ்பானியர் ஆட்சியிலிருந்த லூசியானாவில் ஆளுநர் மிரோ, கறுப்பினப் பெண்கள் பொது இடத்தில் தலைமயிரைத் துணியால் மறைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அவர்களைத் தாழ்த்திக் காட்டுவதே நோக்கம். அந்தப் பெண்களோ பளிச்சென்ற நிறத் துணிகளை விதவிதமாகக் கட்டி அதையே அலங்காரமாக்கிவிட்டார்கள். எங்கள் பெண்களைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. எண்ணெய் வைத்து இறுக்கமில்லாமல் பின்னிப் படுத்தார்கள், அதுவும் ஒரு காப்புத்தான். நேரான, எண்ணெய்ப்பிடிப்புள்ள கூந்தலுக்கு இன்றைக்கும் அது போதும்.

ஆறு மாதமாக ஒவ்வொரு இரவும் போடுகிறேன். இப்போது நெற்றியோரம், காதுக்கு மேலே மயிர் ஐதாகி வருகிறது. காலையில் நெற்றியில் சிவந்த கோடும் இருக்கிறது.
— வாசகி, கோண்டாவில்

அந்தக் கோடுதான் காரணத்தைச் சொல்கிறது. பட்டிக்குள் இரண்டு விரல் தடையின்றிப் போக வேண்டும், கழற்றிக் கால் மணித்தியாலத்தில் தடம் மறைய வேண்டும். மறையாவிட்டால் இறுக்கம் கூட. ஒரே கோட்டில் இரவிரவாக இழுபட்டும் உராய்ந்தும் மயிர் வலுவிழக்கிறது. பகலில் இறுக்கமான கொண்டையும் போடுபவராக இருந்தால் இரட்டிப்புத் தொல்லை. கால் அங்குல இலாஸ்ரிக் போட்ட தொப்பியென்றால் எடுத்து வீசிவிட்டு, அரை அங்குலத்துக்குக் குறையாத பட்டியும் கட்டுப்பட்டியும் உள்ளதாகப் பாருங்கள். ஒரு மாதம் தொப்பியே இல்லாமல் சற்றின் தலையணை உறையில் படுங்கள். சிறு சிறு புதுமயிர் முளைப்பது தெரிந்தால் கவலையில்லை. இரண்டு மூன்று மாதத்திலும் தெரியாவிட்டாலோ, அந்த இடம் வழுவழுப்பாகப் பளபளத்தாலோ, தாமதிக்காமல் தோல் வைத்தியரைக் காணுங்கள். இழுவையால் வரும் மயிர் உதிர்வு ஆரம்பத்தில் திரும்பும், வேர் தழும்பாகிவிட்டால் திரும்பாது.